கோப்பைக்கு அடியில் விலைச்சீட்டு

மூன்று மாடி கொண்ட அந்தப் பெரிய கடையில், நுழைவாசலுக்கு இடது பக்கம், குடை போட்டு வைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை இருந்தது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அங்கேதான் வரவேண்டும். ஒன்பது வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைக் கடையில் எல்லாரும் 'ரிட்டர்ன் மேடம்' என்பார்கள். வீட்டில் அவள் பேர் சின்னவள். மூத்தவள் ஒருத்தி இருந்ததால் வந்த பேர் அது. மூத்தவளோடு போக்குவரத்து நின்று எட்டு வருடம் ஆகியும் பேர் மட்டும் நிற்கவில்லை.

கடையின் சட்டம் சுலபமானது. பில் வேண்டும், ஏழு நாளுக்குள் வரவேண்டும், பொருளைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. சட்டை என்றால் சின்னவள் கழுத்துப் பட்டையை மோந்து பார்ப்பாள். செருப்பு என்றால் அடிப்பக்கத்தைத் திருப்புவாள். பாத்திரம் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு நனைந்து காய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுவாள். பிறகு ஒரு தாளில் 'பயன்படுத்தப்படவில்லை' என்ற வரிக்கு எதிரே தன் கையெழுத்தைப் போடுவாள். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் பணம் திரும்பும்.

அங்கே உட்கார்ந்து அவள் மனிதர்களைப் படித்திருந்தாள். வசதி உள்ளவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதில் கூச்சமே கிடையாது. வெள்ளிக்கிழமை விருந்துக்கு வாங்கிய உடுப்பை, அத்தர் மணம் போகாமல், திங்கட்கிழமை கொண்டுவந்து "கலர் பிடிக்கல" என்று மேசையில் போட்டுவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏழைகள் வருவதே அபூர்வம். வந்தாலும், முதல் நாளே கைப்பிடி உடைந்த குக்கரைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு, குடைத் தொட்டி ஓரமாக அரைமணி நேரம் நின்றுவிட்டு, தாங்களே உடைத்ததாகக் கடையில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து போய்விடுவார்கள். அப்படிப் போன ஒருத்தியைச் சின்னவள் ஒருமுறை தெரு முனைவரை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். "பில் இருக்கா? அப்ப ஏம்மா பயப்படுறீங்க? இது உங்க காசு" என்று சொல்லிப் புதுக் குக்கர் மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்குச் சாப்பாடு அவளுக்கு ருசியாக இருந்தது. மேலே இருக்கிறவன் கணக்குப் பார்க்கிற நாளில் குக்கரையும் பார்ப்பான் என்று அவளுக்கு நம்பிக்கை.

எதிர் வரிசையில் பில் போடும் பெண் ஒருத்தி உண்டு. வாய் ஓயாதவள். "பாருங்க மேடம், பெரிய பாட்டில் ஷாம்பு வாங்குறவங்களுக்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். நாம பாக்கெட் சரம் வாங்குறோம், ஒரு பாக்கெட்டுக்குக்கூடத் தள்ளுபடி இல்ல. சிக்கனமா இருக்கறதுக்கும் கையில காசு வேணும் போல" என்று சிரிப்பாள்.

ஒரு புதன்கிழமை மதியம் சின்னவளின் கைபேசி அடித்தது. "ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியாடி?" என்றது குரல். எட்டு வருடம் ஆனாலும் அந்த 'டி' அப்படியே இருந்தது.

"இருப்பேன் அக்கா. ஏன், யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உன்னைப் பார்க்கணும் போல இருக்கு. வந்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகும் சின்னவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அக்காள் தங்கை என்றால் சண்டை வரும், இவர்களுக்குள் சண்டைகூட வரவில்லை. அக்கா கட்டிக்கொண்டவர் அப்போது கொத்தனார்களை வைத்து வேலை எடுப்பவர். பிறகு கட்டடம் கட்டிக் கட்டி, தானும் ஒரு பெரிய வீடு கட்டிவிட்டார். அந்த வீட்டுக்குக் குடிபோன நாளில் சின்னவள் ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுபோனாள். மூன்று மாதம் காசு ஒதுக்கி வைத்து வாங்கிய கடிகாரம். அடுத்த முறை போனபோது கூடத்தில் ஆள் உயரத்துக்கு வேறொரு கடிகாரம் நின்றது. அவளுடையதைக் காணோம். அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம். 'அவங்க உயரம் வேற, நம்ம உயரம் வேற' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவதை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தின நாளிலிருந்து, யாராவது "உனக்குக் கூடப்பிறந்தவங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்போது அக்கா வருகிறாள். ஒருமுறை வந்து, வீட்டைப் பார்த்து, மனசு சங்கடப்பட்டுப் போய்விட்டால் மறுபடி வரமாட்டாள். அது நடக்கக் கூடாது.

இரண்டாவது மாடியில், கண்ணாடி அலமாரியில், ஆறு கோப்பைகள் கொண்ட ஒரு பெட்டி இருந்தது. பால் வெள்ளை, விளிம்பில் முடிபோல ஒரு நீலக் கோடு. போகும்போதும் வரும்போதும் சின்னவள் அதைப் பார்ப்பாள். வாங்க வேண்டும் என்று நினைத்ததில்லை. நிலாவை வாங்க வேண்டும் என்று யாராவது நினைப்பார்களா? ஆனால் சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து, சமையல் எரிவாயு உருளைக்கு என்று உறையில் போட்டு வைத்திருந்த பணத்தை எடுத்து அதை வாங்கினாள்.

பில் போடும் பெண் பெட்டியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். அதிசயமாக ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் கணவன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். லோடு வண்டி ஓட்டுகிறவன். எதைப் பார்த்தாலும் எடை போடுவான். "உங்க அக்கா டீயைக் குடிக்க வராங்களா, கப்பைக் குடிக்க வராங்களா?"

"உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான். சிலிண்டரை நேத்து ஆட்டிப் பார்த்தேன். காத்துதான் இருக்கு."

"திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்துடுவேன். ஏழு நாள் இருக்கில்ல."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "நீயா?" என்றான். வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

சின்னவள் ஆறில் ஒரே ஒரு கோப்பையை மட்டும் வெளியே எடுத்தாள். மற்ற ஐந்தும் தாள் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. எடுத்ததையும் அடி நனையாமல், ஈரத்துணியால் உள்பக்கம் மட்டும் துடைத்தாள். குழந்தையின் தொப்புளைத் துடைக்கிற மாதிரி. யாரும் ஏமாறவில்லை, ஒரு வேளை டீதானே, என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. இதே வார்த்தைகளை அத்தர் மணக்கும் உடுப்போடு வந்தவர்களும் தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் துணியோடு சேர்த்துப் பிழிந்து காயப்போட்டாள்.

ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஜன்னலோரம் நின்று கார் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கார் வரவில்லை. தெரு முனையில், பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து, வெளுத்த பருத்திப் புடவையும் ரப்பர் செருப்புமாக ஒரு பெண் நடந்து வந்தாள். கையில் முனைக்கடை பிஸ்கட் பொட்டலம். பக்கத்தில் வந்த பிறகுதான் அது அக்கா என்று தெரிந்தது.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் பட்டுப் புடவைகள் அலமாரி நிறைய உண்டு. நம்ம வீட்டுக்கு வர ஒரு நல்ல புடவை கட்டுகிற தகுதிகூட இல்லையா? முனைக்கடை பிஸ்கட் போதும் என்று முடிவு பண்ணிவிட்டாளா?

"வா அக்கா. கார் என்ன ஆச்சு?"

"காரும் கீரும். பஸ்ல வந்தா உன் வீட்டுக்கு வர மாதிரி இருந்துச்சு" என்று அக்கா உள்ளே வந்தாள். ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, ஜன்னலில் துவைத்த துணி. எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் பாராட்டவில்லை. பாராட்டினால் பொய் என்று இருவருக்கும் தெரியும். "இளைச்சுட்டடி" என்று மட்டும் சொன்னாள்.

"நீ மட்டும் என்ன. கண்ணுக்குக் கீழ கறுப்பு."

"அந்த வீட்ல எட்டு பாத்ரூம். ஒண்ணுலயும் தூக்கம் வரமாட்டேங்குது."

"பாத்ரூம்ல யாராவது தூங்குவாங்களா?"

அக்கா சிரித்தாள். எட்டு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு, பாதியில் மூக்கால் வரும் சிரிப்பு. சின்னவளுக்கு அதைக் கேட்டதும் அழுகை வரப் பார்த்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லவேளை, உருளையில் ஒரு டீக்கு எரிவாயு இருந்தது.

நீலக் கோடு போட்ட கோப்பையை அக்காவின் முன்னால் வைத்தாள். தனக்கு ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள்.

அக்கா இரண்டு மடக்கு குடித்தாள். தங்கையின் டம்ளரைப் பார்த்தாள். "ஏன், உனக்கு கப் இல்லையா?"

"எனக்கு டம்ளர்தான் பழக்கம்."

"எனக்கு மட்டும் இது வெளியாள் பழக்கமா?" என்று கேட்டுக்கொண்டே, நல்ல பாத்திரத்தைப் பார்த்தால் யாரும் செய்வதுபோல, கோப்பையை உயர்த்தி அடியைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே இருந்தாள்.

அந்த விலைச்சீட்டு எதற்காக உரிக்கப்படாமல் இருக்கிறது என்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய நாத்தனார்களும் விருந்துக்குக் கட்டிய புடவையை மறுநாள் மடித்துக் கடைக்கு அனுப்புகிறவர்கள்தான். அவள் முகம் சின்னவளுக்குத் தெரிந்த முகம். அதில் எதுவும் மறையாது. அக்கா எழுந்துபோய், கழுவி வைத்திருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்துவந்தாள். மிச்சமிருந்த டீயை அதில் ஊற்றினாள். புடவைத் தலைப்பின் உலர்ந்த நுனியால் கோப்பையின் உள்பக்கத்தை மெதுவாகத் துடைத்தாள். அடியில் விரல்கூடப் படவில்லை. பிறகு அதை மேசையின் நடுவில், கை படாத இடத்தில் வைத்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"சூடு இதுலதான் கையில தெரியுது" என்றாள்.

சின்னவள் தலை நிமிரவில்லை. தரை தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தாள்.  வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"நீ ஏன் வர்றதை நிறுத்தின?" அக்கா கேட்டாள்.

"வேலை."

"எட்டு வருஷம் லீவு இல்லாத வேலையா?"

இதற்கு மேல் மறைக்கச் சின்னவளிடம் ஒன்றும் இல்லை. "கூடத்துல என் கடிகாரத்தைக் காணோம்" என்றாள். சொன்ன பிறகு, எவ்வளவு சின்ன விஷயம் என்று அவளுக்கே தோன்றியது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "கூடத்துல வர்றவங்க போறவங்கதான்டி உக்காருவாங்க. நான் என்னைக்கு அங்க உக்காந்தேன்? சமையலறையில, அடுப்புக்கு நேரா மாட்டியிருக்கேன். அரிசி வெந்துச்சா, புள்ள பள்ளிக்கூடம் விட்டாச்சா, எல்லாம் உன் கடிகாரம்தான் சொல்லுது. வருஷத்துக்கு ஒருதரம் பேட்டரி போடறது நானே. வேற யாரையும் தொட விடமாட்டேன்."

சின்னவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழாதே. நானும் சரியில்ல" என்றாள் அக்கா. "பட்டு கட்டிட்டு வந்தா நீ சங்கடப்படுவேன்னு, வேலைக்கார அம்மாவுக்குக் கொடுக்க எடுத்து வச்ச புடவையை உடுத்திட்டு வந்தேன். வாசல்ல உன் முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு, தப்புப் பண்ணிட்டேன்னு."

"தப்புதான். நான் வேற புடவை மாத்தி மாத்தி மூணு கட்டினேன்."

இருவரும் சிரித்தார்கள். இந்த முறை இருவருக்கும் மூக்கால் வந்தது.

கிளம்பும்போது அக்கா குளியலறைக்குப் போனாள். வந்தவள் வாசலில் நின்றுகொண்டே, "எனக்கு ஏதாவது கொடுடி" என்றாள்.

"உனக்கா? உன்கிட்ட இல்லாதது என்ன இருக்கு என்கிட்ட?"

"இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. வசதி வந்த நாள்லேர்ந்து எனக்கு யாரும் ஒண்ணும் கொடுக்கறதில்ல. கேக்கறதுக்குத்தான் வராங்க." அவள் உள்ளங்கையை விரித்தாள். குளியலறை ஆணியில் தொங்கிய ஷாம்புச் சரத்திலிருந்து கிழித்த இரண்டு பாக்கெட்டுகள் அதில் இருந்தன. "இது வேணும். எங்க வீட்ல ஒரு லிட்டர் பாட்டில். ஒரு அமுக்கு அமுக்கினா கை நிறைய கொட்டுது, பாதி தண்ணியில போகுது. ஒரு பாக்கெட்டை ரெண்டு தலைக்கு வச்சோமே, ஞாபகம் இருக்கா? நீதான் எப்பவும் பெரிய பாதியை எடுப்ப."

"நீதான் எடுப்ப."

"சரி, நான்தான்."

பஸ் ஏறும்போது அக்கா திரும்பிப் பார்த்து, "அடுத்த தடவை டம்ளர்லயே கொடு" என்றாள். 'அடுத்த தடவை' என்ற சொல்லை வீடுவரைக்கும் சின்னவள் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை கோப்பைப் பெட்டி அவளுடைய மேசை மேல் இருந்தது. கோப்பையில் கறை இல்லை. சீட்டு நனையவில்லை. உலகத்தில் எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. கையெழுத்துப் போடும் பேனாவும் அவளுடையதே. ஆனால் ஊழியர்கள் திருப்பும் பொருளுக்கு மேற்பார்வையாளரின் ஒப்புதலும் வேண்டும். அவருக்குக் கடையில் 'ஸ்கேல்' என்று பேர். அத்தனை நேர்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் 'பயன்படுத்தப்படவில்லை' என்ற வரியைப் பார்த்தாள். அக்கா தலைப்பால் துடைத்த அந்த மெதுவான துடைப்பு ஞாபகம் வந்தது. அந்த டீயைக் குடிக்கவில்லை என்று எழுதினால், அக்கா வரவே இல்லை என்று எழுதுவது போல இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'ஒரு கோப்பையில் இரண்டு மடக்கு டீ குடிக்கப்பட்டது.'

ஸ்கேல் தாளை இரண்டு முறை படித்தார். "இப்படி எழுதினா நான் எப்படி வாங்கிக்க முடியும்?"

"முடியாது சார்."

"தெரிஞ்சும் ஏன் எழுதின?"

"குடிச்சது நிஜம் சார்."

"யார் குடிச்சது?"

"எங்க அக்கா."

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சட்டம் சட்டம்தான். அவள் அவரைக் குறை நினைக்கவில்லை. மனசு லேசாக இருந்தது. வீட்டில் உருளையும் லேசாக இருப்பதுதான் கவலை.

சாப்பாட்டு வேளையில் பில் போடும் பெண் பெட்டியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்தாள். விஷயம் ஏற்கெனவே அவளுக்குத் தெரிந்திருந்தது; அந்தக் கடையில் சுவருக்கு மட்டுமில்லை, தராசுக்கும் காது உண்டு.

"ஏன் மேடம், ஆறும் ஒரே வீட்ல இருக்கணும்னு ஏதாவது சட்டமா? நம்ம வீட்ல எல்லாமே ஒண்ணொண்ணாத்தானே வாங்குறோம். ஷாம்பு ஒண்ணு, காபித்தூள் ஒண்ணு. எங்க வீட்ல டீ குடிக்கிறவ நான் ஒருத்திதான். எனக்கு ஒண்ணு கிழிச்சுக் கொடுங்க" என்று ஆறில் ஒரு பங்குப் பணத்தை மேசையில் வைத்தாள்.

தரை துடைக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கும் ஒண்ணு. இதை இருபது தரம் துடைச்சிருக்கேன், ஒருதரம் குடிச்சதில்ல." வாசல் காவலாளி தன் பெண்டாட்டிக்கு என்று ஒன்று கேட்டார். மூன்று போயிற்று. கடைசியில் ஸ்கேல் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அந்தக் குடிச்ச கப்பை நான் எடுத்துக்கறேன். புதுசை யாருக்காவது கொடு."

"அது மட்டும் தரமாட்டேன் சார். வேற எடுத்துக்குங்க."

அவர் வேறொன்றை எடுத்துக்கொண்டார். காசை எண்ணாமல் வைத்துவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தபோது சரியாக இருந்தது, ஒரு நயா பைசா கூடவோ குறையவோ இல்லை. அதற்காகவும் சின்னவள் அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

அன்று சாயங்காலம் உருளைப் பணத்தில் ஏற்பட்ட குறையைக் கணவன் தன் சட்டைப் பையிலிருந்து போட்டு நிரப்பினான். "ஒரு மாசத்துக்குக் கடை டீ வேண்டாம்னு வச்சிருக்கேன். வீட்லதான் கப் வந்துடுச்சே" என்றான்.

"அது உங்களுக்கு இல்ல."

"தெரியும். டம்ளர்ல ஊத்து."

அலமாரியில் இரண்டு கோப்பைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் ஒன்றைக் கவிழ்த்து, நகத்தால் விலைச்சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"தலை குளிச்சேன்டி" என்றாள் அக்கா. "ஒரு பாக்கெட்டுல பாதிதான் செலவாச்சு. மீதியை வாயை மடிச்சு, துணிக் க்ளிப் போட்டு வச்சிருக்கேன்."

"அரைப் பாக்கெட்டையா? அதை வச்சு என்ன பண்ணப் போற?"

"உன் பாதிடி அது."

சீட்டு முழுசாக வரவில்லை. துணுக்குத் துணுக்காக வந்தது. பசை விரலில் ஒட்டிக்கொண்டது. சின்னவள் அந்தப் பசையை உருட்டி உருட்டி எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன் அக்கா" என்றாள். "எந்த ஸ்டாப்ல இறங்கணும்? மறந்துபோச்சு."

அந்தப் பக்கம் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா சமையலறையில் நிற்கிறாள் போல.

"நீ பஸ் ஏறிட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. "நான் வந்து நிக்கிறேன்."